சதுர அடி 2,300 ரூபாய்: 28 லட்சத்தில் வீடு முடியுமா?

கேள்வி: அருப்புக்கோட்டை பக்கம் எங்களுக்கு நாலரை சென்ட் மனை இருக்கிறது. கரிசல் மண். தெரு மட்டம் மனையைவிட உயரம். 1,100 சதுர அடியில் இரண்டு படுக்கையறை வீடு கட்ட, கான்ட்ராக்டர் சதுர அடிக்கு 2,300 ரூபாய் கேட்கிறார். எல்லாம் முடித்துச் சாவியைக் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார். எங்களிடம் 6 லட்சம் இருக்கிறது, வங்கியில் 22 லட்சம் கிடைக்கும். கான்ட்ராக்ட் தொகை போக 2 லட்சத்து 70 ஆயிரம் மிஞ்சும். மற்ற செலவுகளுக்கு இது போதுமா? ஆடி பிறப்பதற்குள் 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்தால்தான் இந்த ரேட் என்கிறார். பிளான் அப்ரூவல் வாங்கித் தர ஒரு புரோக்கர் 60 ஆயிரம் கேட்கிறார். ஒப்பந்த நகலும் பிளானும் இணைத்திருக்கிறேன்.

பதில்: போதாது, சகோதரி. இப்படியே ஆரம்பித்தால் கான்கிரீட் போட்டு, பூச்சு வேலை நடக்கும்போதே உங்கள் பணம் தீர்ந்துவிடும். 26 வருடமாக இந்த மாவட்டத்தில் வீடு கட்டிக் கொடுக்கிறேன். நகையை அடகு வைத்து டைல்ஸ் ஒட்டியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால்தான் முதல் வரியிலேயே சொல்கிறேன்.

முன்பணத்தை இப்போது கொடுக்காதீர்கள். ஆடியில் நிறையப் பேர் வீட்டு வேலை தொடங்குவதில்லை. உங்கள் வேலையும் பெரும்பாலும் ஆவணியில்தான் தொடங்கும். அவர் அவசரப்படுத்துவது நீங்கள் இன்னொரு கான்ட்ராக்டரிடம் போய்க் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக.

சரி, உங்கள் ஒப்பந்தத்துக்கு வருகிறேன். மொத்தமே இரண்டு பக்கம். அதில் 'பில்டப் ஏரியா சதுர அடிக்கு 2,300' என்று ஒரு வரி. பில்டப் ஏரியா என்றால் கட்டிய பரப்பு. எந்தெந்த இடம் அந்தக் கணக்கில் வரும் என்று எங்கும் இல்லை. உங்கள் பிளானில் போர்டிகோ 10க்கு 12, அதாவது 120 சதுர அடி. மாடிப்படிக்கு மேலே வரும் ஹெட்ரூம் 8க்கு 14, அது 112. இந்த 232 சதுர அடியும் நீங்கள் சொல்லும் 1,100க்குள் இல்லை, நான் கூட்டிப் பார்த்துவிட்டேன். வேலை முடிந்து அளக்கும்போது அவர் இதற்கும் முழு ரேட் போட்டால் 5 லட்சத்து 33 ஆயிரம். பாதி ரேட் என்று பேசி முடித்தாலும் 2 லட்சத்து 67 ஆயிரம். நீங்கள் மிச்சம் என்று நினைத்த பணம் இந்த ஒரு வரியிலேயே போய்விடுகிறது. அந்த வரியை அப்படி எழுதுவது தற்செயலாக நடப்பதில்லை.

அடுத்தது மண். அஸ்திவாரம் 4 அடி ஆழம், பேஸ்மெண்ட் தரையிலிருந்து 2 அடி உயரம் என்று போட்டிருக்கிறார். கரிசல் மண் மழையில் பொங்கும், வெயிலில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். அதன் மேல் பூட்டிங்கை, அதாவது பில்லரின் அடிக் கான்கிரீட்டை, உட்கார வைத்தால் மூன்றாவது வருடம் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். கரிசலைத் தாண்டிச் சுக்கான் என்ற கெட்டியான அடுக்கு தட்டும்வரை போக வேண்டும். அது 5 அடியிலும் வரும், 8 அடியிலும் வரும். முன்பணம் கொடுக்கும் முன் ஜேசிபி வைத்து மனையின் இரண்டு மூலையில் குழி எடுத்துப் பாருங்கள். ஒரு மணி நேர வாடகையில் முடிந்துவிடும். உங்கள் தெரு மட்டம் மனையைவிட உயரம் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். ரோடு மறுபடி போடும்போது இன்னும் ஏறும். அப்படியானால் பேஸ்மெண்ட் மூன்றரை அடியாவது வேண்டும். கூடுதல் ஒன்றரை அடியை நிரப்ப மட்டும் ஏறக்குறைய 16 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) கிராவல் மண் ஆகும். அஸ்திவார ஆழம், நிரப்புவது இரண்டுக்கும் சேர்த்து 1 லட்சத்து 75 ஆயிரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் இல்லாத மற்றவற்றை எங்கள் பக்கத்து இன்றைய நிலவரப்படி சொல்கிறேன். சம்ப்பும் (தரைக்குள் கட்டும் தண்ணீர்த் தொட்டி) செப்டிக் டேங்கும் 1 லட்சத்து 60 ஆயிரம். காம்பவுண்டு சுவரும் கேட்டும் 1 லட்சத்து 75 ஆயிரம். போர்வெல், மோட்டார் 1 லட்சத்து 25 ஆயிரம், தண்ணீர் ஆழத்தில் இருந்தால் இன்னும் கூடும். பிளான் அப்ரூவல் கட்டணம், மழைநீர்த் தொட்டி, மின் இணைப்பு எல்லாம் சேர்த்து 1 லட்சம். சமையலறை அலமாரி, ஃபேன், லைட் ஒன்றரை லட்சம். 'சாவி கையில்' என்ற பேச்சில் ஃபேனும் லைட்டும் பெரும்பாலும் கிடையாது. ஸ்விட்ச் போர்டோடு நின்றுவிடும்.

இன்னொன்றை யாரும் கணக்கில் எழுதுவதே இல்லை. கட்டி முடிக்கும் பத்து மாதமும் நீங்கள் இப்போதைய வீட்டுக்கு வாடகை கொடுப்பீர்கள், வங்கி விடுவித்த தொகைக்கு வட்டியும் கட்டுவீர்கள். வட்டி எட்டரை சதவீதம், சராசரியாக 10 லட்சம் கைக்கு வந்திருக்கும் என்று வைத்தால் வட்டி மட்டும் 70 ஆயிரம். வாடகை மாதம் 7,000 என்றால் அது ஒரு 70 ஆயிரம்.

போர்டிகோவுக்கும் ஹெட்ரூமுக்கும் பாதி ரேட் போட்டே கூட்டினேன். 38 லட்சத்தைத் தாண்டுகிறது. உங்களுக்குத் துண்டு விழுவது 10 லட்சம்.

இதில் ஜிஎஸ்டியை நான் சேர்க்கவில்லை. ஒப்பந்தத்தின் கடைசியில் சின்ன எழுத்தில் 'ஜிஎஸ்டி தனி' என்று இருக்கிறது, கவனித்தீர்களா? இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நிறையப் பேர் ஏமாறும் இடம் இது. கான்ட்ராக்டரே சிமெண்ட், கம்பி, கல் எல்லாம் போட்டுக் கட்டிக் கொடுத்தால் மொத்தத் தொகைக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. உங்கள் 25 லட்சத்து 30 ஆயிரத்துக்கு அது 4 லட்சத்து 55 ஆயிரம். அதே வீட்டுக்கு நீங்களே பொருள் வாங்கிப் போட்டு, அவருக்கு வெறும் லேபர் கான்ட்ராக்ட் கொடுத்தால் அந்தக் கூலிக்கு ஜிஎஸ்டி கிடையாது. குடியிருப்பு வளாகத்தில் சேராத தனி வீடாக, புதிதாகக் கட்டும் வேலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் வீடு அப்படிப்பட்டதுதான். பொருளுக்குக் கடை பில்லில் வரி கட்டத்தான் வேண்டும், அதற்கு விலக்கு இல்லை. ஆனால் லேபர் ஒப்பந்தம் என்று பெயருக்கு எழுதிவிட்டுச் சிமெண்ட் பில் அவர் பெயரில் வந்தால் இந்தச் சலுகை நிற்காது. பில் உங்கள் பெயரில் வரட்டும், பணம் உங்கள் கணக்கிலிருந்து போகட்டும். பொருளோடு அவரே செய்வது என்று முடிவானால், அவருடைய ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டு வாங்கி ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பதிவு செய்யாத ஒருவர் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. வெள்ளைத்தாளில் 18 சதவீதம் எழுதி வாங்குபவர்கள் அதை அரசுக்குக் கட்டுவதில்லை, பையில் போட்டுக்கொள்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட் மீதான வரி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய பழைய ரேட் அட்டையை இன்னும் நீட்டினால் அதையும் கேளுங்கள்.

லேபர் கான்ட்ராக்ட் என்றால் மணல் லோடு உங்கள் பொறுப்பு. ஒரு உதாரணம் சொல்கிறேன். போன மாதம் ஒரு சைட்டில் 'நாலு யூனிட்' எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) என்று லாரி வந்து நின்றது. டிரைவர் தொட்டியைத் தூக்கப் போனார், நிறுத்தச் சொல்லிவிட்டு டேப்போடு மேலே ஏறினேன். நீளம் 14 அடி, அகலம் 7 அடி. உயரம் 4 அடி இருந்தால் 392 கன அடி, ஏறக்குறைய நாலு யூனிட். ஓரத்தில் நாலடி உயரம்தான் தெரிந்தது. நடுவில் கம்பியைக் குத்திப் பார்த்தால் மூன்றரை. 343 கன அடி. அரை யூனிட்டுக்கு மேல் குறைவு. யூனிட் என்றால் 100 கன அடி, இதை மட்டும் மறக்காதீர்கள். கொட்டிய பிறகு அளந்து பிரயோஜனமில்லை. ஒரு பிடி அள்ளித் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் மேலே கனமாகச் சேறு படிந்தால் அது எம்-சாண்ட் கிடையாது, கிரஷர் தூள். திருப்பி அனுப்புங்கள். கம்பியை எண்ணி வாங்காமல் எடை போட்டு வாங்குங்கள். 12 மில்லி கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு 10 கிலோ 650 கிராம் அளவில் இருக்க வேண்டும்.

டைல்ஸ் கடைக்கு மேஸ்திரி கூட வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவருக்கான கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும்.

அப்ரூவலுக்கு 60 ஆயிரம் கேட்கும் புரோக்கர் பற்றி எழுதியிருந்தீர்கள். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ என்றால் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்தது. உங்கள் மனை 1,960 சதுர அடிதான். கட்டணத்தை நீங்களே ஆன்லைனில் கட்டி ரசீது எடுக்கலாம். இவ்வளவு எளிதாக்கிய பிறகும் 'ஆபீஸில் பேச வேண்டும்' என்று ஒருவர் பணம் கேட்கிறார், மக்களும் பயந்து கொடுக்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஃபிளாட் வாங்குபவருக்காவது ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. சொந்த மனையில் கட்டுபவரை அந்தச் சட்டம் கண்டுகொள்வதில்லை. கான்ட்ராக்டர் பாதியில் போய்விட்டால் நுகர்வோர் ஆணையத்துக்கு அலைய வேண்டும், அங்கே கையில் நீட்ட ஒப்பந்தத்தைத் தவிர ஒன்றும் இருக்காது. இரண்டு பக்கத்தில் முடிக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். கம்பி என்ன பிராண்டு, டைல்ஸ் சதுர அடி எவ்வளவு விலை வரை, கதவு என்ன மரம், சுவருக்கு எத்தனை கோட் பெயிண்ட், எல்லாம் எழுத்தில் வரட்டும்.

வங்கி விஷயம் ஒன்று. 22 லட்சமும் முதலிலேயே கைக்கு வராது. முதலில் உங்கள் 6 லட்சத்தைப் போடச் சொல்வார்கள். பிறகு அஸ்திவாரம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே போடும் கான்கிரீட் பீம்), கூரைக் கான்கிரீட் என்று நிலைக்கு நிலை அவர்கள் ஆள் வந்து பார்த்த பின்தான் விடுவிப்பார்கள். அந்த ஆள் வர மூன்று வாரம் ஆகும், அதுவரை கொத்தனார் சும்மா இருக்க மாட்டார், வேறு சைட்டுக்குப் போய்விடுவார். ஆக, உங்கள் சொந்தப் பணம் முழுவதும் மண்ணுக்குள் போன பிறகுதான் போர்வெல், கேட், மின் இணைப்பு எல்லாம் பில்லோடு வரும். வங்கி அவற்றுக்குத் தனியாகத் தராது. 6 லட்சத்தில் ஒன்றரை லட்சத்தை வேறு கணக்கில் ஒதுக்கிவிட்டு, மீதியை மட்டும் உங்கள் பங்காகக் காட்டுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 800 சதுர அடி கட்டுவேன். இரண்டு படுக்கையறையும் அதில் வரும், ஹால் சிறியதாகும். போர்டிகோ வேண்டாம், இரண்டு வருடம் கழித்து ஷீட் போட்டுக்கொள்ளலாம். படியை வெளியே திறந்த படியாக வையுங்கள், ஹெட்ரூம் வேண்டாம். காம்பவுண்டு முன்பக்கம் மட்டும். அஸ்திவாரத்தையும் பில்லர்களையும் மட்டும் மேலே ஒரு மாடி தாங்கும்படி போட்டுவிடுங்கள், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஜிஎஸ்டி சேர்க்காமல் என் கணக்கில் 26 லட்சத்து 65 ஆயிரம் வருகிறது. சிறிய வீட்டுக்குச் சதுர அடிக்கு 100 ரூபாய் கூட்டிக் கேட்டாலும் 28க்குள் நிற்கும். பிளான் மாறினால் வங்கி கடன் தொகையையும் குறைக்கலாம், அதனால் முதலில் அங்கே கேட்டுவிடுங்கள்.

பணம் கொடுப்பதை வேலைக்குப் பின்னால் வையுங்கள். பேஸ்மெண்ட் முடிந்தால் ஒரு தவணை, லிண்டல் முடிந்தால் ஒரு தவணை என்று போகட்டும். கடைசி 5 சதவீதத்தை ஒரு மழைக்காலம் தாண்டிக் கொடுப்பதாக எழுதுங்கள். வீடு முடிந்த வாரமே மின் இணைப்பைத் தற்காலிகக் கட்டணத்திலிருந்து வீட்டுக் கட்டணத்துக்கு மாற்றச் சொல்லி மனு கொடுங்கள். தற்காலிக இணைப்பில் யூனிட் விலை அதிகம், 100 யூனிட் இலவசமும் கிடையாது. குடிபோய் ஒரு வருடம் மாற்றாமல் கட்டியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

குழி எடுத்துப் பார்த்த பிறகு சுக்கான் எத்தனை அடியில் தட்டியது என்று எழுதுங்கள். அதை வைத்து அஸ்திவாரக் கணக்கை மட்டும் திருத்தித் தருகிறேன்.