பாப்டிஸ்ட் சபைக்கும் எந்தப் பிரிவையும் சாராத சபைக்கும் உண்மையில் என்ன வேறுபாடு?

பாடல்கள் ஒன்றாகவே இருக்கின்றன, பிரசங்கமும் ஏறக்குறைய ஒன்றுதான், இருசாராரும் தண்ணீரில் முழுக்கித்தான் ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள், பிறகு எதற்கு இரண்டு பெயர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு சபையை விட்டு இன்னொன்றுக்குப் போகலாமா என்று மனத்துக்குள் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். நீங்களும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் பாப்டிஸ்ட் சபையில் வளர்ந்து, பிறகு 9 ஆண்டுகள் பிரிவு சாராத ஒரு சபையில் இருந்து, மறுபடியும் பாப்டிஸ்ட் சபைக்கே திரும்பி வந்தவன். இறையியல் கல்லூரிப் பக்கம் போனதில்லை. ஆகையால் கிரேக்கச் சொற்களோடு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

வேறுபாடு பெரும்பாலும் சபையின் முடிவுகளை யார் எடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. பாப்டிஸ்ட் சபையில் போதகரை அழைப்பது, அவரை அனுப்புவது, ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தை ஏற்பது, புதிய அங்கத்தினரைச் சேர்ப்பது ஆகிய எல்லாம் அங்கத்தினர் கூட்டத்தின் வாக்கினால் நடப்பதே மரபு. மேலே பேராயர் கிடையாது. 1845இல் தொடங்கிய சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் அமெரிக்காவின் மிகப் பெரிய பாப்டிஸ்ட் அமைப்பு. அதனால்கூட ஒரு சபைக்குப் போதகரை நியமிக்கவோ கட்டடத்தை எடுத்துக்கொள்ளவோ முடியாது, உறவை முறித்துக்கொள்ளத்தான் முடியும். 2023 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் சேடில்பேக் சபையை, பெண் ஒருவர் போதகர் பொறுப்பில் இருந்த காரணத்துக்காக விலக்கியபோது நடந்ததும் அவ்வளவே. சபை தன் கட்டடத்தோடும் போதகர்களோடும் அப்படியே தொடர்ந்தது. பெயரில் ‘பாப்டிஸ்ட்’ என்ற சொல்லே இல்லாத அது ஒரு பாப்டிஸ்ட் சபை என்பது பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். பெயர்ப்பலகையைப் பார்த்து எதையும் முடிவுசெய்யாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ‘சுயாதீன சபை’ என்று வழக்கமாகச் சொல்லும் சொல்லையும் இந்தப் பதிலில் தவிர்க்கிறேன், ஏனென்றால் அந்தப் பொருளில் ஒவ்வொரு பாப்டிஸ்ட் சபையும் சுயாதீன சபைதான்.

இந்த வாக்குரிமை யாரோ நிர்வாக வசதிக்காகக் கொண்டுவந்தது அல்ல. 1609இல் ஆம்ஸ்டர்டாமில், முதல் பாப்டிஸ்டுகள் என்று சொல்லப்படும் ஆங்கிலேயர்கள் ஜான் ஸ்மைத்தும் தாமஸ் ஹெல்விஸும், குழந்தைப் பருவத்தில் பெற்ற ஞானஸ்நானத்தை ஏற்காமல் தங்கள் குழுவோடு மறுபடி ஞானஸ்நானம் பெற்றபோது, விசுவாசித்து மனமாரச் சேர்ந்தவர்கள்தாம் சபை, அந்த நாட்டில் பிறந்துவிட்டதால் ஒருவர் சபையாகிவிட மாட்டார் என்பதே அவர்கள் சொன்ன செய்தி. அப்படி மனமாரச் சேர்ந்தவர்கள்மேல் வெளியிலிருந்து ஒருவர் எப்படி அதிகாரம் செலுத்த முடியும்? மனிதனுடைய ஆத்துமாவின்மேல் மன்னனுக்கு அதிகாரம் இல்லை என்று எழுதிய ஹெல்விஸ் 1612இல் இங்கிலாந்துக்குத் திரும்பி, சிறையிலேயே இறந்தார். ஒரு சிறு செய்தி: ஸ்மைத் கொடுத்தது முழுக்கு அல்ல, தலையில் தண்ணீர் ஊற்றித்தான் கொடுத்தார். முழுக்கு 1640களில்தான் பாப்டிஸ்டுகளிடையே நிலைபெற்றது. 1644ஆம் ஆண்டு லண்டன் விசுவாச அறிக்கையில் அது எழுத்தில் இருக்கிறது. முழுக்குக்காகவே பிறந்தவர்கள் போலப் பேசும் எங்கள் ஆட்களுக்கு இதைச் சொன்னால் பிடிப்பதில்லை.

இப்போது என் கதை. எனக்கு 19 வயதாக இருந்தபோது எங்கள் போதகரை நீக்குவதற்கு ஓர் அங்கத்தினர் கூட்டம் கூட்டப்பட்டது. அவர்மேல் பணக் குற்றச்சாட்டோ ஒழுக்கக் குற்றச்சாட்டோ இல்லை. நீண்ட நாள் பொறுப்பிலிருந்த உதவிக்காரர்கள் (டீக்கன்கள், அதாவது சபைப் பணிகளைக் கவனிக்கும் பொறுப்பாளர்கள்) இருவரை மாற்ற வேண்டும் என்று சொன்னதுதான் அவர் செய்த தவறு. இரகசிய வாக்குச்சீட்டு வேண்டும் என்று ஒருவர் எழுந்து கேட்டார், நேரமில்லை என்றார்கள். நீக்க வேண்டும் என்று என் தந்தை கை தூக்கினார். அவர் கையைப் பார்த்து நானும் தூக்கினேன். 61க்கு 54 என்று எண்ணிச் சொன்னபோது, போதகர் தம் வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வரிசையைப் பார்த்தார், அல்லது பார்த்ததாக எனக்குத் தோன்றியது. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர். ஜனநாயகம் இருக்கிற சபை நல்ல சபை என்று எழுதுகிறவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த 7 வாக்கு வித்தியாசம்தான் நினைவுக்கு வருகிறது, அதில் ஒன்று என்னுடையது.

பிரிவு சாராத சபைக்கு நான் போனதற்குக் காரணம் வெளிச்சமும் இசைக்கருவிகளும்தான் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். அங்கத்தினர் கூட்டமே நடக்காத ஒரு சபையில் நிம்மதியாக உட்கார வேண்டும் என்பதுதான் காரணம். அங்கே வாக்கெடுப்பு கிடையாது. மூத்த போதகரும் அவர் தேர்ந்தெடுத்த மூப்பர்களும் முடிவெடுப்பார்கள், சபைக்கு அறிவிப்பார்கள். பிரிவு சாராத சபைகள் எல்லாமே இப்படி நடப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்: மூப்பர் குழு போதகரைக் கண்டிக்கும் சபைகள் உண்டு, அங்கத்தினர் வாக்களிக்கும் சபைகளும் உண்டு. ஆனால் போதகர் மோசேயைப் போலக் கடவுளுக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டியவர், மூப்பர்கள் அவருக்குத் துணைநிற்பவர்கள் என்னும் முறைக்கு, அமெரிக்காவில் 1965இல் சக் ஸ்மித் என்ற போதகரின் தலைமையில் வளரத் தொடங்கிய கால்வரி சேப்பல் சபைகளில் ‘மோசே மாதிரி’ என்றே பெயர் வழங்குகிறது. எங்கள் சபையில் அந்தப் பெயர் இல்லை, முறை மட்டும் இருந்தது.

முதல் 6 ஆண்டுகள் நான் அதைக் குறையாக நினைக்கவே இல்லை. பிறகு கட்டட நிதிக்காக ஈராண்டுகள் காணிக்கை சேர்த்தோம், கட்டடம் எழும்பவில்லை. கணக்கைப் பார்க்கலாமா என்று ஒரு மூப்பரிடம் மரியாதையாகத்தான் கேட்டேன். அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதீர்கள் என்ற வசனம் பதிலாக வந்தது. பணத்தை யாரும் எடுத்துக்கொண்டார்கள் என்று நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியில்லாமல் இருந்ததுதான் என் வருத்தம். ஓராண்டு கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூத்த போதகர் வேறு ஊழியத்துக்குப் போகிறார், அவருடைய மருமகன் பொறுப்பேற்கிறார் என்று மேடையில் அறிவித்தார்கள். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் தட்டினேன், வேறு என்ன செய்வது?

கோட்பாட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், அதில் சொல்ல அதிகமில்லை. திருவிருந்தும் ஞானஸ்நானமும் அருளைக் கொண்டுவரும் சடங்குகள் அல்ல, கட்டளைக்குக் கீழ்ப்படிந்து செய்யும் அடையாளங்கள் என்று பாப்டிஸ்டுகள் சொல்வதைத்தான் பிரிவு சாராத சபைகளில் பெரும்பாலானவையும் சொல்கின்றன. ஆவியின் ஏவுதலால் பேசுவதாகச் சொல்லும் அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம் ஆகியவற்றில் சற்று விலகல் உண்டு. பாப்டிஸ்டுகள் பொதுவாக இவற்றில் தயங்குவார்கள், பிரிவு சாராத சபைகளில் எதுவும் இருக்கலாம். ஒருமுறை இரட்சிக்கப்பட்டவர் அந்த இரட்சிப்பை இழக்க முடியுமா என்ற கேள்விக்குப் பெரும்பாலான பாப்டிஸ்டுகள் முடியாது என்பார்கள். மற்ற சபையில் அந்தந்தப் போதகரைக் கேட்க வேண்டும், போதகர் மாறினால் பதிலும் மாறலாம். பாப்டிஸ்டுகளுக்கு விசுவாச அறிக்கைகள் உண்டு என்றாலும் அவற்றைச் சபைகளின்மேல் யாரும் திணிக்க முடியாது என்பதால், இந்த விஷயத்தில் நாங்களும் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம்.

திரும்பி வந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். என் மனைவி அந்தப் பிரிவு சாராத சபையில்தான் விசுவாசித்து முழுக்கு பெற்றவள். நாங்கள் சேர விரும்பிய பாப்டிஸ்ட் சபையோ, பாப்டிஸ்ட் அல்லாத சபை கொடுத்த முழுக்கு செல்லாது, மறுபடி எடுத்தால்தான் அங்கத்தினராகலாம் என்றது. இது எல்லா பாப்டிஸ்ட் சபைகளின் நிலைப்பாடும் அல்ல, 1850களில் ஜே. ஆர். கிரேவ்ஸ் என்பவர் அமெரிக்காவில் பரப்பிய லேண்ட்மார்க் இயக்கத்தின் பிடிவாதம் இங்கொன்றும் அங்கொன்றுமாக இன்னும் தங்கியிருக்கிறது. விசுவாசித்தவள், முழுக்கு பெற்றவள், பிறகு என்ன குறை? கொடுத்தவர் கையில் குறை என்றால், முதன்முதலில் ஸ்மைத்துக்கு யார் கை கொடுத்தது? அவர் தமக்குத் தாமே ஊற்றிக்கொண்டவர். இதை உதவிக்காரர்களிடம் கேட்டேன். நல்ல கேள்வி என்றார்கள், விதியை மாற்றவில்லை. மாற்றுவதற்கு அங்கத்தினர் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்; இருமுறை முயன்றேன், இருமுறையும் கிடைக்கவில்லை. ஆனால் முயல்வதற்கு ஒரு கூட்டமாவது இருந்தது.

நீங்கள் மாறுவதாக இருந்தால் ஆராதனையைப் பார்த்து முடிவுசெய்யாமல், சபையின் சட்டவிதிகளை ஒரு பிரதி கேளுங்கள். போதகரை யார் நீக்கலாம், கணக்கை யார் தணிக்கை செய்கிறார்கள், சொத்து யார் பெயரில் இருக்கிறது என்ற மூன்றையும் அதில் தேடுங்கள். கொடுக்கத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

என் மனைவி மறுபடி முழுக்கு எடுக்க மறுத்துவிட்டாள், அவள் மறுத்தது சரி என்றே நினைக்கிறேன். அங்கத்தினர் அல்லாதவர்கள் கூட்டத்தில் இருக்கக் கூடாது என்பதால், கூட்டம் நடக்கும் ஞாயிறுகளில் அவள் பிள்ளைகளோடு வெளியே காத்திருப்பாள். நான் வெளியே வந்ததும், “இன்றைக்கு எதற்குக் கை தூக்கினீர்கள்?” என்று கேட்பாள். போன முறை கூரை பழுதுபார்ப்புக்கு என்றேன்.