எழுதுகிறவர் வீட்டு உசாத்துணை
வாசகர் கேள்வி – பதில்

உப்புவெளி வாசகி: அறுபதுகளின் திருகோணமலையை வைத்து நாவல் எழுதுகிறேன். உசாத்துணைக்கென்று வீட்டில் சின்ன நூலகம் ஒன்று சேர்க்க ஆசை. கையில் காசு குறைவு. எதை முதலில் வாங்கலாம்?

பதில்: பெரிய வரலாற்று நூல்களை விடுங்கள். முதலில் தேடவேண்டியவை அந்த ஆண்டுகளின் பஞ்சாங்கமும் நாட்காட்டியும். 1966 முதல் 1971 வரை இலங்கையில் வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமை அல்ல, போயா நாள், அதாவது பூரணை, அமாவாசை, அட்டமி என்று நிலவை வைத்து வரும் நாள். 1968இல் உங்கள் கதாநாயகி "ஞாயிறுதானே, பள்ளிக்கூடம் லீவு" என்று டச்பே கடற்கரைக்குப் போனால், அந்தக் காலத்தைக் கண்ட வாசகர் அதற்குப் பிறகு உங்களை நம்பமாட்டார். அவை எப்போது என்று பஞ்சாங்கம் சொல்லும். லீவு நாள் ஒரு நாள் முன்பின் விழக்கூடும் என்பதால் அதற்கு நாட்காட்டியையே பாருங்கள்.

அகராதியில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி போதும், அதில் இலங்கை வழக்கும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழக லெக்சிக்கனை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். ஈழத்துப் பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் வாசிக்கலாம். அங்கே இருப்பதைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

மிச்சக் காசையும் நேரத்தையும் கடையில் கிடைக்காதவற்றுக்குச் செலவிடுங்கள்: கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர், இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கில் கொடுக்கும் 'கல்வெட்டு' என்ற நினைவுப் புத்தகம். ஒரு கல்வெட்டில் வம்சாவளி, தொழில், எந்த ஊரில் சம்பந்தம் செய்தார்கள் என்பதெல்லாம் இருக்கும். கதைமாந்தருக்குப் பெயர் வைக்க இதைவிட நல்ல துணை இல்லை. வீடு திருத்தும்போது முதலில் குப்பைக்குப் போவதும் இவைதான். முந்திக்கொண்டு கேட்டு வாங்குங்கள். தர மனமில்லாதவர்களிடம் போட்டோக்கொப்பி எடுங்கள்.

தம்பலகாமம் வாசகர்: புத்தகங்கள் நிறைய உண்டு. எழுதும்போது வேண்டியது கைக்கு வருவதில்லையே?

பதில்: புத்தகப் பெயர்களைப் பட்டியல் போட்டிருப்பீர்கள். எழுதும்போது மனதில் வருவது பெயரல்ல, விஷயம். ஒரு சீ.ஆர். கொப்பியில் (தடித்த அட்டைக் குறிப்பேடு) எழுத்துக்கு நாலு பக்கம் ஒதுக்கி விஷயவாரியாக எழுதுங்கள். உதாரணமாக, 'சூ' பக்கத்தில்: "சூறாவளி, 1964 டிசம்பர் 22 – அலுமாரி 2, தட்டு 3, பச்சை பைல், ப. 14." அதே குறிப்பை 'மீன்பிடி' என்பதன் கீழும் போடுங்கள். வள்ளங்களுக்கு என்ன நடந்தது என்று தேடும்போது 'சூறாவளி' என்ற சொல் நினைவுக்கு வராமல் போகலாம்.

போட்டோக்கொப்பி எடுக்கும்போது முதலில் தலைப்புப் பக்கம், பிறகு பதிப்பு விபரப் பக்கம், அதன் பிறகே வேண்டிய பக்கங்கள். இந்த ஒழுங்கு தவறினால் ஆறு மாதத்தில் அது எந்த நூலின் தாள் என்றே தெரியாது. நூலில் உள்ளபடியே எழுதியதற்கு மேற்கோள்குறி கட்டாயம். இல்லாவிட்டால் பிறர் வசனம் உங்கள் வசனமாக நாவலுக்குள் வந்துவிடும்.

கிண்ணியா வாசகர்: மாரியில் பூஞ்சணம், கோடையில் வெள்ளிப்பூச்சி. பூச்சி உருண்டை போடலாமா?

பதில்: வேண்டாம். அது பூஞ்சணத்தை நிறுத்தாது, அந்த மணம் உடம்புக்கும் கூடாது. காற்றின் ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். அலுமாரியைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள், புத்தகங்களை நெருக்கி அடுக்காதீர்கள், மழை விட்ட நாளில் கதவைத் திறந்து மின்விசிறி போடுங்கள். பூஞ்சணம் பிடித்ததை நிழலில் உலரவிட்டு, முகக்கவசத்தோடு வெளியே வைத்து மென்மையான தூரிகையால் தட்டுங்கள். ஈரத்தோடு துடைத்தால் தாளுக்குள் இறங்கிவிடும். கடற்காற்றில் ஸ்டேப்ளர் கம்பி துருப்பிடித்துத் தாளைத் தின்னும். மலர்களிலும் கல்வெட்டுகளிலும் கம்பியைக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் தையுங்கள்.

வெள்ளிப்பூச்சிக்கு டீப் ஃபிரீசர். புத்தகத்தைக் காற்றுப் புகாத பொலித்தீன் பையில் இட்டு, மைனஸ் 20 பாகையில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கவே வேண்டாம். திறந்தால் குளிர்ந்த தாளில் ஈரம் படிந்து, பூஞ்சணத்துக்கு நீங்களே இடம் கொடுத்ததாகிவிடும்.