வாட்டர் சாஃப்ட்னர்ல உப்பு இருந்தும் பக்கெட்ல வெள்ளையா படியுதே, ஏன்?

சாஃப்ட்னர்னா போர் தண்ணில இருக்கற கால்சியம், மெக்னீசியத்த புடிச்சு வெச்சுக்கிட்டு பதிலுக்கு சோடியத்த விடற மெஷின், அவ்ளோதான். உள்ள ரெசின்னு பொடி பொடியா மணிங்க இருக்கும், அத டவுன் பஸ் சீட்டுன்னு வெச்சுக்கோங்க, மொதல்ல சோடியம் உக்காந்திருக்கும், கால்சியம் ஏறுனா எந்திரிச்சு இடம் விடும், எல்லா சீட்டும் கால்சியமே புடிச்சிட்டா அப்புறம் வர்ற தண்ணி அப்படியே தான் வெளிய போகும், அந்த கால்சியம் தான் பக்கெட்ல வெள்ளையா படியுது. அப்ப கெட்டியான உப்புக்கரைசல் கூட்டமா ஏறி கால்சியத்த இறக்கி விடும், அதுதான் ரீஜெனரேஷன்.

அதனால மொதல்ல உப்பு டேங்க்க பாருங்க. பாலக்கோட்டுல எங்க வீட்ல பாதி டேங்க்குக்கு மேல உப்பு தெரிஞ்சுது, ஆனா துடைப்பக் கட்டையால குத்துனா மேல ஓடு மாதிரி இறுகிப்போய் அடில வெறும் பொந்து, தண்ணி உப்ப தொடவே இல்ல! மெதுவா உடைச்சுவிட்டு ஒரு தடவ ரீஜெனரேஷன் ஓட்டுனதும் சோப்பு நல்லா நுரைச்சுது. பொடி உப்பு சீக்கிரம் இறுகிடும், மாத்திரை மாதிரி வர்ற உப்பே போடுங்க.

உப்பு சரியா இருந்தா செட்டிங்க பாருங்க. தண்ணிய டெஸ்ட் பண்ணி ஹார்ட்னஸ், அதாவது கால்சியம், மெக்னீசியம் எவ்ளோ இருக்குன்னு போடணும், சில மெஷின் கிரெய்ன்ங்கற அளவுல கேக்கும், பிபிஎம்ம (லிட்டருக்கு எத்தன மில்லிகிராம்ங்கற கணக்கு) 17ஆல வகுத்துக்கோங்க, 600னா சுமாரா 35.

நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நெறைய பேரு சாஃப்ட்னர் போட்டா போர் தண்ணில இருக்கற, பல்லையும் எலும்பையும் கெடுக்கற ஃப்ளோரைடும் போயிடும்னு நெனைக்கறாங்க, போகாதுங்க, குடிக்க சமைக்க ஒகேனக்கல் தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ தான் எடுக்கணும்.