'கேட்டேன்' என்பதற்கு ஸ்பானிய மொழியில் எந்த வினை?

வணக்கம். "ஒரு காபி கேட்டேன்" என்பதை 'ப்ரெகுன்தே உன் கஃபே' என்று எழுதியதை உங்கள் ஆசிரியர் ஏன் திருத்தினார் என்று வினவியிருந்தீர்கள். வினவுதல், வேண்டுதல், செவிமடுத்தல் ஆகிய மூன்றையும் தமிழில் 'கேள்' என்னும் ஒரே வினை சுமப்பதால், தமிழர் பலருக்கும் இந்தத் தடுமாற்றம் நேர்வது இயல்பே. விடையாகத் தகவல் வரவேண்டுமானால் 'ப்ரெகுன்தார்'. பொருளோ உதவியோ மன்னிப்போ கிடைக்கவேண்டுமானால் 'பெதிர்'. ஆகவே 'பெதீ உன் கஃபே' என்பதே சரி. பாட்டுக் கேட்பதற்கு 'எஸ்குச்சார்' இருக்கிறது.

உண்மையான சிக்கல் நீண்ட வாக்கியங்களில்தான் வரும். "வருகிறாயா என்று கேட்டாள்" என்பது 'மே ப்ரெகுன்தோ சி பெனியா'. "என்னை வரும்படி கேட்டுக்கொண்டாள்" என்பதோ 'மே பிதியோ கே பினியேரா'. முன்னதில் 'சி' வந்து ஐயத்தைக் காட்டுகிறது. பின்னதில் 'கே' வந்து, அடுத்த வினையை விருப்பத்தை உணர்த்தும் வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. தமிழில் 'கேட்டுக்கொண்டாள்' என்று சொல்ல முடிகிற இடங்களில் பெரும்பாலும் 'பெதிர்' பொருந்தும் என்பதை நினைவில் வையுங்கள். ஒருவரைப் பற்றி விசாரிப்பதற்கு 'ப்ரெகுன்தார் போர்' என்பார்கள்.

நிகழ்காலத்தில் 'பெதிர்' என்பதன் உயிரொலி மாறி 'பிதோ' என்றாகும். அதை எழுதி எழுதித்தான் பழக வேண்டும்.