அமெரிக்க அரசியல்வாதி பெர்னி சாண்டர்ஸ் மேயரிலிருந்து செனட் (நாடாளுமன்ற மேலவை) வரை எந்தெந்தத் தேர்தலில் ஜெயித்தார், எதில் தோற்றார்?

முதல் நான்கு தேர்தலும் தோல்விதான். 1972 முதல் 1976 வரை லிபர்டி யூனியன் என்ற சிறிய இடதுசாரிக் கட்சி சார்பில் வெர்மாண்ட் மாநில ஆளுநர் பதவிக்கும் செனட்டுக்கும் தலா இரண்டு முறை நின்றார். அதிகபட்சமாகக் கிடைத்ததே சுமார் 6%. பிறகு கட்சியை விட்டு விலகி, 1981-இல் அதே மாநிலத்தின் பர்லிங்டன் நகர மேயர் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். மறு எண்ணிக்கையில் 10 வாக்கு வித்தியாசத்தில் வெற்றி. 1983, 1985, 1987-இலும் அவரே மேயர். இடையில் 1986 ஆளுநர் தேர்தலில் மூன்றாமிடம்.

அவருடைய பாதையைப் புரிந்துகொள்ள 1988-ஐப் பார்க்க வேண்டும். பிரதிநிதிகள் சபை (நாடாளுமன்றக் கீழவை) தேர்தலில் குடியரசுக் கட்சியின் பீட்டர் ஸ்மித் சுமார் 41%, சாண்டர்ஸ் 38%. ஜனநாயகக் கட்சி வேட்பாளர் 19% வாக்கைப் பிரித்துவிட்டார். 1990-இல் அந்தக் கட்சியின் பங்கு 3% ஆகக் கரைந்தது. ஸ்மித்தோ தாக்குதல் துப்பாக்கித் தடையை ஆதரித்து, துப்பாக்கி உரிமை ஆதரவாளர்களின் கோபத்தைச் சம்பாதித்திருந்தார். சாண்டர்ஸ் 56% பெற்று ஜெயித்தார்.

அந்த வெற்றியையும் சேர்த்து தொடர்ந்து எட்டு முறை சபைக்குத் தேர்வானார். 1994-இல் மட்டும் நூலிழையில் தப்பினார். 2006, 2012, 2018, 2024-இல் செனட் வெற்றி. 2016, 2020-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராவதற்கான போட்டியில் தோல்வி.

பட்டியல் போடுபவர்கள் பலர் சறுக்குவது ஒரே இடத்தில்: 2006, 2018-இல் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஜெயித்தும் அந்த வேட்புரிமையை ஏற்காமல் சுயேச்சையாகவே நின்றார். அந்த வெற்றிகளை அக்கட்சிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.