இன்ஸ்டாகிராம் ரீல்ஸை லட்சம் பேர் பார்க்கிறார்கள், சேலை நகர மாட்டேன் என்கிறது. இலவசமாக வரும் பார்வை வியாபாரமாக மாறுமா?

மாறும். ஆனால் அது மாறுகிற இடம் வாட்ஸ்அப்.

வீட்டிலிருந்து சுங்குடி (துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் மதுரைச் சேலை) மாதிரி பருத்திச் சேலை விற்கிறீர்கள், விலை ஆயிரத்தை ஒட்டி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். பட்டு விற்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அது வேறு கணக்கு.

யார் பார்த்தார்கள் என்று காட்டும் இன்சைட்ஸைத் திறந்து பாருங்கள். நன்றாக ஓடிய ரீல்ஸில் பெரும்பங்கு உங்களைப் பின்தொடராதவர்கள்தான். கட்டைவிரல் தள்ளும்போது கண்ணில் பட்டவர்கள். மதுரையில் ஜவுளிக்கடைகள் நிறைந்த விளக்குத்தூண் பக்கம் நடந்து போகிறவர்களை எல்லாம் எந்த ஜவுளிக்கடையும் வாடிக்கையாளராக எண்ணுவதில்லை. நோட்டில் மூன்றே எண்கள் போதும்: எத்தனை பேர் விலை கேட்டார்கள், எத்தனை பேர் பணம் போட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள்.

எந்த வீடியோ ஆள் கொண்டுவருகிறது என்று தெரிய, ஒவ்வொரு சேலைக்கும் ஒரு எண் கொடுத்துச் சீட்டில் எழுதி, வீடியோவில் தெரிகிற மாதிரி சேலையில் குத்திவிடுங்கள். பயோவில் போடும் வாட்ஸ்அப் லிங்க்கிலேயே "வணக்கம், சேலை எண்:" என்று செய்தியை எழுதி வைக்க முடியும். வருகிறவர் எண்ணை மட்டும் தட்டினால் போதும்.

அடுத்து, விலையைப் போடாமல் "விலைக்கு டிஎம் பண்ணவும்" (தனியாகச் செய்தி அனுப்பிக் கேளுங்கள்) என்று எழுதுவது. பாதி வியாபாரம் ஒழுகுவது இந்த ஓட்டையில்தான். இரவு பதினொன்றுக்குக் கேட்டவருக்குக் காலை எட்டு மணிக்குப் பதில் போனால், அதற்குள் ஆசை ஆறிப்போயிருக்கும். விலை, கூரியர் சேர்த்தா தனியா, நீளம் 5.5 மீட்டரா இல்லை பிளவுஸோடு 6.2 மீட்டரா, எல்லாம் வீடியோவிலேயே தெரியட்டும்.

துணியைக் கிட்டத்தில் காட்டுங்கள். மதுரைச் சுங்குடிக்கு 2005லேயே புவிசார் குறியீடு உண்டு. ஆனாலும் அந்தப் பெயரில் அச்சுச் சேலைகள் நிறையவே ஓடுகின்றன. கையால் முடிச்சுப் போட்டதில் ஒரு புள்ளி போல் இன்னொன்று இருக்காது. இஸ்திரி போடும்வரை துணி மயிர்க்கூச்செறிந்த தோல் மாதிரி புடைத்து நிற்கும். ஸ்கிரீன் பிரிண்டில் புள்ளிகள் ஒரே அளவு, பின்பக்கம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். பிரிண்ட் என்றால் பிரிண்ட் என்றே சொல்லுங்கள், அதற்கும் ஆள் உண்டு. ரிங் லைட்டில் அரக்கு சிவப்பாகிவிடும். ஜன்னலோரக் காலை வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல் எடுங்கள். "கலர் வேற" என்று திரும்பி வரும் பார்சலில் லாபமும் போய் கூரியரும் போகும்.

கேஷ் ஆன் டெலிவரி கொடுத்தால் கூரியர் காசையாவது முன்கூட்டி வாங்குங்கள். சும்மா தட்டிப் பார்த்தவர்கள் அங்கேயே கழன்றுகொள்வார்கள். பேமெண்ட் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் வங்கிக் கணக்கைப் பார்த்த பிறகு பேக் பண்ணுங்கள்.

முக்கியமானது இனிமேல்தான். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர் வரை. அதிலும் உங்கள் நம்பரைச் சேமித்தவர்களுக்குத்தான் செய்தி போகும். ஸ்டேட்டஸும் அப்படித்தான். அதனால் டிராக்கிங் எண் அனுப்பும்போதே "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, புதுச் சரக்கு ஸ்டேட்டஸில் வரும்" என்று கேட்டுவிடுங்கள். பார்சலுக்குள் ஒரு துண்டுச்சீட்டு: முதல் இரண்டு மூன்று தடவை தனியாக அலசவும், ஊற வைக்க வேண்டாம், நிழலில் உலர்த்தவும். சாயம் வெள்ளைச் சட்டையில் ஏறிவிட்டால் அந்த வீட்டிலிருந்து அடுத்த ஆர்டர் வராது.

பூஸ்ட் போட்டால், அதாவது காசு கட்டி ரீல்ஸை விளம்பரமாக ஓட்டினால், எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓட்டையை அடைக்காமல் போட்டால் காசு கொடுத்துத் தண்ணீர் ஊற்றுவதுதான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. ரீல்ஸ் ஓடினால் ரீசெல்லர்கள் அதைச் சுட்டு, லோகோவை வெட்டிவிட்டு, இருநூறு ரூபாய் ஏற்றி விற்கிறார்கள். மட்டமான துணியை அனுப்பிவிட, திட்டு மட்டும் உங்களுக்கு வந்து சேரும். புகார் கொடுத்து எடுக்க வைப்பதற்குள் பண்டிகையே முடிந்துவிடுகிறது. அந்த எண் சீட்டை ஓரத்தில் குத்தாதீர்கள், வெட்டிவிடுவார்கள். முந்தானை நடுவில், கடைப் பெயரும் சேர்த்து மார்க்கரில் பெரிதாக எழுதிக் குத்துங்கள்.