72 டப்பாவுக்கு ஒண்ணு

கேள்வி: என் மக ஏழாவது படிக்கிறா. கூடப் படிக்கிற ரெண்டு மூணு பிள்ளைங்க பையில லபுபு பொம்மை தொங்குதாம், இவளுக்கும் வேணும்னு மூணு வாரமா ஒரே அழுகை. கடையில எங்கயும் ஸ்டாக் இல்லாத, கிடைக்காத பொம்மையாம் அது. துபாயில வேலை பாக்குற என் தம்பி, "அக்கா, ஒருத்தன்கிட்ட பிரிக்காத டப்பா ஒண்ணு இருக்கு, நம்ம காசுக்கு 9,000 சொல்றான், வாங்கிரவா"ன்னு கேக்குறான். வீட்டுக்காரர் விசைப்படகுல போறவரு, இது காதுல விழுந்ததுலேருந்து மூஞ்சி குடுத்துப் பேசல. பிள்ளை ஆசைப்பட்டத வாங்கிக் குடுக்குறதுல என்ன தப்பு? பின்குறிப்பு: வாங்குனா பிங்க் நல்லாருக்குமா, பச்சை நல்லாருக்குமா?
– ஒரு வாசகி, பாம்பன்

பதில்: பிள்ளை ஆசையில ஒரு தப்பும் இல்ல தங்கச்சி. பன்னண்டு வயசுல கூட இருக்குறவ பையில தொங்குறது நம்ம பையிலயும் தொங்கணும்னு தோணலன்னாதான் டாக்டர்கிட்ட காட்டணும். எனக்கு இடிக்கிறது நீங்க எழுதிருக்க அந்த ஒரு வார்த்தைதான், "கிடைக்காத பொம்மை"ன்னு.

கிடைக்காததுன்னா என்னன்னு உங்க ஊர்க்காரவங்களுக்கா நான் சொல்லணும்? ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்ப சீலா மீனு கிடைக்கல, கிடைச்சாலும் யானை விலைன்னா அதுல ஒரு நியாயம் இருக்கு, படகு போகல, மீனு வரல. இந்த பொம்மையில யாரு படகு நிக்குது சொல்லுங்க? பண்றது பாப் மார்ட்னு ஒரு சீனா கம்பெனி, நினைச்சா லட்சக்கணக்குல அடிச்சு இறக்குறவன், அவன் கொஞ்சம் கொஞ்சமா கடைக்கு விட்டா அது "கிடைக்காத" பொம்மை, நிறைய விட்டா வெறும் பொம்மை. 2025 ஜூன்ல நடந்துச்சே, ஒரே சமயத்துல நிறைய சரக்க இறக்கிவிட்டான், பதுக்கி வச்சு வித்துக்கிட்டிருந்தவங்க விலை மடமடன்னு விழுந்துச்சு. ஐஸ் பெட்டியில மீனப் போட்டு வச்சிட்டு "இன்னைக்கு மீன்பாடு இல்ல"ன்னு விலைய ஏத்துற யாவாரி உங்க ஊர்ல இருந்தா ஏலக்கூடத்துல நாலு பேரு சட்டையப் பிடிச்சிருப்பாங்க, இவன் மட்டும் அதையே கலர் டப்பாவுல பண்றான், நாம க்யூவுல நிக்கிறோம்.

இது புதுசும் கிடையாது. 1983ல அமெரிக்காவுல கேபேஜ் பேட்ச்னு ஒரு துணி பொம்மை, கிறிஸ்மஸுக்கு முன்னாடி கடைக்குள்ள தாய்மாருங்களே ஒருத்தர ஒருத்தர் தள்ளிவிட்டு மிதிச்சு வாங்குனாங்க. 1996ல கிச்சுகிச்சு மூட்டுனா சிரிக்கிற எல்மோ பொம்மை, முப்பது டாலர்கூட இல்லாதது, வெளிய நூத்துக்கணக்கான டாலருக்குப் போச்சு. இப்ப அந்த எல்மோ எந்தப் பரண்ல கிடக்கோ.

லபுபு கதை சின்னதா சொல்லிடறேன், உங்க மகளுக்கு என்னவிட நல்லாத் தெரிஞ்சிருக்கும். ஹாங்காங்ல பிறந்து நெதர்லாந்துல வளந்த காசிங் லுங்னு ஒரு ஓவியர் 2015ல வரைஞ்ச குட்டிச்சாத்தான் மாதிரி உருவம், முயல் காது, வாய் நிறைய பல்லு. 2019ல பாப் மார்ட் கையில வந்துச்சு. 2024ல, பிளாக்பிங்க்னு கொரியா பாட்டுக் குழுவுல பாடுற லிசா பையில மாட்டிக்கிட்டு வந்த பிறகுதான் உலகமே அலைஞ்சுது. அதுக்கு முந்தி நம்ம பக்கம் அவ்வளவா யாருக்கும் தெரியாத பொம்மை, 2025 ஜூன்ல பெய்ஜிங்ல ஆள் உசரத்துக்கு ஒண்ணு ஏலம் போனது 10.8 லட்சம் யுவானுக்கு, நம்ம காசுல கிட்டத்தட்ட 1.3 கோடி. வாங்குனவன் நல்லாருக்கட்டும்.

நான் சொல்ல வந்தது அந்த டப்பாவப் பத்தி. உள்ள எந்த பொம்மைன்னு வெளிய தெரியாது. ஒரு வரிசையில ஆறு பொம்மை, அது போக ஒரு "ரகசிய" பொம்மை, அது 72 டப்பாவுக்கு ஒண்ணு. சீனாவுல டப்பா 99 யுவான், சுமாரா 1,200 ரூபாய்னு வச்சுக்குங்க. ஒத்த ஒத்தயா வாங்கி அந்த ஆறும் சேரணும்னா எத்தன டப்பா பிரிக்கணும்னு ஒரு பேப்பர்ல போட்டுப் பாத்தேன், சராசரியா 15 கிட்ட வருது, ஏன்னா அஞ்சு சேந்துட்டா ஆறாவது வர்றதுக்குள்ள வந்ததே திரும்பத் திரும்ப வரும். ஆறு பொம்மைக்கு 18,000 ரூபாய். இதுக்கு நம்ம ஊர்ல ஒரு பேரு உண்டு.

எங்க அப்பா வாராவாரம் பஸ் ஸ்டாண்டு வாசல்ல பூட்டான் லாட்டரிச் சீட்டு வாங்குவாரு. மறுநாள் டீக்கடையில பேப்பர வாங்கி, சீட்டையும் ரிசல்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு விரலால ஒவ்வொரு நம்பரா தடவிக்கிட்டே வருவாரு, கடைசி நம்பர்ல விரல் நிக்கும், "சே, ஒரு நம்பர்ல போச்சு". வீட்டுக்கு வந்து அம்மாகிட்டயும் அதேதான், ஒரு நம்பர்ல போச்சு. எத்தன வருஷம்! பரிசு விழுந்ததா எனக்கு ஞாபகமே இல்ல, ஆனா அந்த "ஒரு நம்பர்ல போச்சு"ன்னு சொல்லும்போது அவர் மூஞ்சியில ஒரு வெளிச்சம் வரும் பாருங்க, தோத்தவன் மூஞ்சி மாதிரியே இருக்காது, அடுத்த சீட்டுக்கு அப்பவே காசு எடுத்து வச்ச மூஞ்சி. 2003 ஜனவரியில தமிழ்நாட்டுல லாட்டரிய தடை பண்ணாங்க, எத்தனையோ குடும்பம் தப்பிச்சுது. உங்க மக டப்பாவப் பிரிச்சு, வந்த கலரு பிடிக்காம, "அம்மா, இன்னொரு டப்பா வாங்கியிருந்தா வந்திருக்கும்மா"ன்னு சொல்லுவா, அன்னைக்கு அவ மூஞ்சியப் பாருங்க. எங்க அப்பா மூஞ்சிதான் அது.

அந்த டப்பாவுலயே 15 வயசுக்கு மேலன்னு போட்டிருக்கு, கவனிச்சீங்களா? சேத்து வைக்கிற பெரியவங்களுக்கு விக்கிறத நாமதான் ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு மாட்டிவிடறோம்.

"சரி, 9,000 வேணாம், ராமநாதபுரத்துலயே 150க்கு தொங்குதே"ன்னு நினைக்கிறீங்கன்னா அதையும் நான் வாங்கிப் பாத்துட்டேன், கடை பேரு வேணாம். ஒரிஜினலுக்குப் பல்லு ஒன்பது, இதுக்கு எண்ணுனா பதினொண்ணு. கழுத்து ஒரு பக்கமா சாஞ்சிருந்துச்சு. ஆபீஸ்ல மேசை மேல ரெண்டு நாள் இருந்துச்சு, மூணாம் நாள் ஒரு கண்ணு தனியா வந்து கீபோர்டுக்குள்ள விழுந்துருச்சு, இன்னைக்கும் அந்த ஒரு எழுத்து சரியா அடிக்க மாட்டேங்குது. எனக்கு கீபோர்டு போச்சு, கைக்குழந்தை இருக்குற வீட்டுல அந்தக் கண்ணு எங்க போகும்? இந்தப் போலிகளுக்கு லஃபுஃபுன்னு செல்லப்பேரு, துண்டு கழண்டு குழந்தை தொண்டையில அடைச்சுக்கும்னு 2025 ஆகஸ்ட்ல அமெரிக்க அரசாங்கமே எச்சரிச்சுது. நம்ம நாட்டுலயும் 2021 ஜனவரி 1லேருந்து, 14 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க விளையாடுற பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கயித்துல கொத்தா தொங்குறதுல தேடிப் பாருங்க.

இதுக்கு மேல, "நாங்கல்லாம் நுங்கு வண்டி ஓட்டுனோம், பிஞ்ச செருப்ப வட்டமா வெட்டி சக்கரம் மாட்டுனோம்"னு நான் ஆரம்பிப்பேன்னு எதிர்பாத்திருப்பீங்க. மாட்டேன். நுங்கு வண்டி எங்ககிட்ட வேற எதுவும் இல்லாததால ஓட்டுனது, பக்கத்து வீட்டுல சைக்கிள் வந்த அன்னைக்கே வண்டிய வேலியோரம் போட்டுட்டு அவன் பின்னாடி ஓடுனவன்தான் நான். நம்ம ஜில்லாவுல இன்னொரு வியாதி, பிள்ளை எதக் கேட்டாலும் கலாம் சின்ன வயசுல புளியங்கொட்டை பொறுக்கி வித்தாரு தெரியுமான்னு ஆரம்பிச்சிடுறது. பாவம், பிள்ளை பொம்மைதான கேட்டுச்சு, ஜனாதிபதி ஆகறேன்னா சொல்லுச்சு.

காசு தம்பி காசுதானேன்னு உங்க மனசுல ஓடும். தடைக்காலம் 61 நாளைக்கும் சேத்து ஒரு மீனவக் குடும்பத்துக்கு அரசாங்கம் குடுக்குற நிவாரணம் 8,000 ரூபாய். ஒரு டப்பா 9,000. வீட்டுக்காரர் ஏன் மூஞ்சி குடுக்கலன்னு இப்பப் புரியுதா? அவரு கஞ்சன் இல்ல, அவரு ரெண்டு மாசத்துக்கு அரசாங்கம் போட்ட விலையவிட அந்தப் பல்லு பொம்மைக்கு ஆயிரம் ரூபாய் ஜாஸ்தி, அது அவருக்கு வலிக்கும். உங்க தம்பியும் அங்க ஏசி ரூம்ல உக்காந்து அச்சடிச்சு அனுப்பல. ஊருக்கு வர முடியலங்கற குத்த உணர்ச்சிய பார்சல்ல போட்டு அனுப்புற தாய்மாமன்மார தொண்டி, கீழக்கரை பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு பாக்கறேன். பிள்ளைக்கு மாமா மூஞ்சி மறந்து போயிருக்கும், ஆனா பார்சல் வர்ற தேதி மட்டும் தெரியும்.

இப்ப என்ன பண்ணலாம்? மகள உக்கார வச்சு, இந்த 72 டப்பா கணக்க அவ கையாலயே போடச் சொல்லுங்க, ஏழாவது பிள்ளைக்கு வகுத்தல் வரும். போட்ட பிறகும் வேணும்னா, எப்பயாச்சும் கடையில சரக்கு வரும்போது, கடை விலைக்கு, ஒரே ஒரு டப்பா, எந்த கலர் வந்தாலும் அதோட சரின்னு பேசி வாங்கிக் குடுங்க, பிறந்தநாளைக்கோ மாதா திருவிழாவுக்கோ. ஆறு மாசம் ஆகும்னா ஆகட்டும். அதுக்குள்ள அவளே வேற ஒண்ணக் கேப்பா, அதுக்கு நீங்க திரும்ப எனக்கு எழுதுவீங்க. பிரிக்காத டப்பாவ மூணு மடங்கு, ஏழு மடங்கு விலைக்கு விக்கிறவன்கிட்ட மட்டும் வேணவே வேணாம்னு தம்பிக்கு இன்னைக்கே போன் போடுங்க, உள்ள இருக்குறது ஒரிஜினலாங்கறதே சந்தேகம்.

அப்புறம் அந்தப் பின்குறிப்பு. பிங்க்கா பச்சையான்னு கேட்டிருக்கீங்களே, அழுதுகிட்டிருக்கிறது மக மட்டும்தானா தங்கச்சி? எதுவா இருந்தாலும் அத டப்பா மேல எழுதியிருக்க மாட்டாங்க.